அடிக்கா, நாளுக்கா?

எங்கள் வீட்டுக்கு இரண்டு மனை தள்ளி யாரோ வீடு கட்டப்போகிறார்கள். போன வாரம் இருட்டுகிற நேரத்தில் வடவள்ளியில் எங்கள் சந்துக்குள் ரிக் வண்டி ஒன்று முக்கி முனகி நுழைந்தது. பின்னாலேயே ராடு ஏற்றிய இன்னொரு லாரி. டிஎன் 34, திருச்செங்கோட்டு எண். கம்ப்ரசர் அலற ஆரம்பித்ததும் தெருவில் எல்லாரும் சன்னலைச் சாத்தினார்கள். நான் மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். முதலில் செம்மண் தூசி, அப்புறம் வெள்ளைப் புழுதி. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் புழுதியில் ஈரம் ஏறுகிறபோது ஒரு வாசனை கிளம்பும். சூடேறிய கல்லில் தண்ணீர் பட்ட வாசனை, கூடவே டீசல். எந்த ஊரில் முகர்ந்தாலும் எனக்கு அது பொங்கலூர் வாசனைதான்.

கீழே ஒரு பையன் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் செல்போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை டீக்கடையில் அவனை விசாரித்தேன். மனைக்காரர் பெங்களூரில் இருக்கிறாராம். "ராடுக் கணக்குங்க சார். பில்லு போடறப்பச் சண்டை வரக்கூடாதில்லீங்க" என்றான்.

எங்கள் அமுச்சி, அம்மாவின் அம்மா, இதே வேலையைப் புளியங்கொட்டையை வைத்துச் செய்தார்.

அப்புச்சியின் தோட்டம் பொங்கலூருக்குத் தெற்கே. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுக்கான், அப்புறம் பாறை, பாறைக்குக் கீழேயும் பாறை. கவலை ஓட்டிய காலத்தில் வெட்டிய கிணறு. மோட்டார் வந்தபின் மேலும் ஆழப்படுத்தி, உள்ளே இறங்கிப் பக்கவாட்டில் சைடு போர் போட்டு எல்லாம் செய்து பார்த்தார்கள். அடுத்தடுத்து மழை பொய்த்த ஒரு கோடையில் புட்வால்வு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நீரோட்டம் பார்க்க ஒருவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தார். தென்மேற்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே ஒரு வேப்பங்குச்சி நட்டார்கள்.

ரிக் வண்டி வந்த ராத்திரி எங்களுக்குத் திருவிழா. அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களெல்லாம் வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்கள். மேனேஜர் என்று ஒருவர், வெள்ளை வேட்டியில் கிரீஸ் கறையோடு, கக்கத்தில் நீள நோட்டு. அவர் அப்புச்சியிடம் சொன்ன முதல் விஷயம் ரேட்டு. முந்நூறு அடி வரைக்கும் அடிக்கு இவ்வளவு. அதற்கு மேல் ஒவ்வொரு நூறடிக்கும் ரேட்டு ஏறும். கேசிங் பைப்பு தனி. அமுச்சி கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பும் ஒரு கை புளியங்கொட்டையும் எடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஒரு ராடு இருபது அடி. ராடு ஒன்று முழுதாக இறங்கி அடுத்ததை மாட்டும்போது சொம்பில் ஒரு கொட்டை.

முந்நூறு அடியில் புகைதான் வந்தது. ரிக்காரர்கள் பாஷையில் புகை என்றால் காய்ந்த பாறைத்தூள். அப்புச்சி ஒன்றும் பேசவில்லை. "இன்னொரு ரெண்டு ராடு உட்டுப் பாக்கலாமுங்களா?" என்று மேனேஜர் கேட்பார். அப்புச்சி தலையாட்டுவார். இப்படி ரெண்டு ரெண்டாக விடிய விடியப் போனது. நாங்கள் தூங்கி விழித்தபோதும் புகைதான். கடைசியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மேனேஜர் நோட்டில் 28 ராடு. சொம்பில் 27 கொட்டை. ராடுகளை மேலே உருவும்போது எல்லாரும் சேர்ந்து சத்தமாக எண்ணினோம். 28. நடுவில் அமுச்சி காபி போட எழுந்து போனபோது ஒன்று இறங்கியிருக்க வேண்டும். அமுச்சி கடைசி வரைக்கும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "காப்பி குடிக்கிறப்ப வண்டிய நிறுத்தியிருக்கோணும்" என்பதுதான் அவர் கட்சி.

காலையில் பில். பெரிய மாமாவுக்குத் தாங்கவில்லை. "பொட்டுத் தண்ணி வல்லீங்களே. எதுக்குங்க காசு?" என்றார். மேனேஜர் கோபப்படவில்லை. தினம் கேட்கிற கேள்விதானே. "நாங்க குழிக்குத்தானுங்க காசு வாங்கறோம், தண்ணிக்கு இல்லீங்க. ரெண்டிஞ்சுத் தண்ணி வந்திருந்தா மேல போட்டுக் குடுத்திருப்பீங்களா?"

மாமாவிடம் பதில் இல்லை. அப்புச்சி பாதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார், மீதி பருத்தி விற்றதும் என்றார். மேனேஜர் சரி என்றார். சரி என்று சொல்வதற்கு முன் கட்டுத்தறியை ஒரு தரம் பார்த்தார். அங்கே ஒரு ஜோடி காங்கயம் காளை நின்றிருந்தது. கடன் கொடுக்கலாமா என்பதற்கு அவருக்கு அந்த விசாரணை போதும்.

நான் பிற்பாடு சோறு தின்ற தொழில் முழுக்க மாமாவின் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. எதற்குக் காசு? எப்போது அது நம்முடைய வருமானம் ஆகிறது?

படித்து முடித்துக் கோயமுத்தூரில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஸ் சேர்ந்தேன். ஒப்பணக்கார வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஜவுளிக்கடைக்கு மேலே மாடி. பஞ்சாலைகள், பம்பு பவுண்டரிகள், நகைக்கடைகள். இவற்றுக்கு நடுவில் திருச்செங்கோட்டு ரிக் முதலாளிகள் சிலர். முதலாளி என்றால் கோட்டு சூட்டு இல்லை. நேற்று வரைக்கும் டிரில்லராகவோ லாரி டிரைவராகவோ இருந்தவர், மச்சான், பங்காளி, சம்பந்தி என்று நாலு பேரைச் சேர்த்துக் கூட்டாக வண்டி எடுத்திருப்பார். வண்டி அனந்தபூரிலோ ராய்ச்சூரிலோ ஓடும். மழைக்காலத்தில் ஊர் திரும்பி மலையடிவாரத்துப் பட்டறைகளில் நிற்கும். அப்போது கணக்கு வரும். மஞ்சப்பையில், டீசல் நாற்றத்தோடு.

அந்த நோட்டுகளைப் பிரித்து எழுதுவதற்குப் பழைய சீனியர்கள் யாரும் வரமாட்டார்கள். நான் ஆசையாக வாங்கிக்கொள்வேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு கிராமம், ஒரு தோட்டம், ஒரு ராத்திரி. எத்தனை அடி, எத்தனை கேசிங், ஏஜெண்டு கமிஷன் எவ்வளவு, பையன்களுக்குப் படி எவ்வளவு. ஓரத்தில் "புகை" அல்லது "தண்ணி" என்று ஒரு சொல். வரவுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. தண்ணீர் வந்த பக்கத்திலும் அதே ரேட்டுதான். ஆனாலும் ஒருவரும் அதை எழுதாமல் விட்டதில்லை.

ஒரு வருஷம் மார்ச் 31 ராத்திரி ஒரு வண்டி கர்னூல் பக்கம் குழி போட்டுக்கொண்டிருந்தது. பில் போட்டது ஏப்ரல் 1 காலை. நான் முழுவதையும் அடுத்த வருஷத்தில் தள்ளி எழுதியிருந்தேன். எல்லா ஆர்ட்டிகிள் பையன்களும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆடிட்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு எத்தனை ராடு உள்ள இருந்துச்சு?"

தொகை சின்னது, அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் கேள்வி அவருக்கு முக்கியம். ஆடிட்டர்களின் இன்ஸ்டிடியூட் 1985-ல் கொண்டுவந்த ஏஎஸ் 9, வருமானத்தை எப்போது கணக்கில் எடுப்பது என்கிற தரம், அப்போது புதிது. அதைப் படிக்கச் சொல்லிக் கையில் கொடுத்தார். மெல்லிய புத்தகம்தான். சேவை என்றால் வேலை நடக்க நடக்க எடுக்கலாம், அல்லது முடிந்தபின் மொத்தமாக எடுக்கலாம் என்று இரண்டு வழியும் திறந்து வைத்திருந்தது. ரிக்காரர் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு ராத்திரி. அதையே கடலுக்குக் கொண்டுபோனால் வருஷக் கணக்காகிவிடும் என்று அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்?

எல்லாரும் மார்ச் 31-ல்தான் கணக்கு முடிக்க வேண்டும் என்ற வருமான வரி ஏற்பாடு எண்பதுகளின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் தீபாவளிக்கு முடிப்பவர்கள் உண்டு, சித்திரைக்கு முடிப்பவர்கள் உண்டு. புதுக்கணக்கு நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, வெற்றிலை பாக்கு வைத்து வாங்குவோம். வசூலாகாத பாக்கி இருந்தாலும் முதல் பக்கத்தில் வரவுதான் எழுத வேண்டும். இப்போது பாஸ்வேர்டு மாற்றுவதோடு சரி.

திருச்செங்கோட்டுக்காரர்கள் இந்தத் தொழிலில் எப்படி இறங்கினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பின்னணி ஒன்று உண்டு. பீகார்ப் பஞ்சத்தை ஒட்டி 1967 வாக்கில் யுனிசெஃப் கெட்டிப் பாறையைக் காற்றழுத்தச் சம்மட்டியால் துளைக்கும் ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. குழி போட்டால் போதுமா, இறைக்க வேண்டுமே. இந்தியா மார்க் 2 கைப்பம்பை 1970-களில் களத்தில் சோதித்துப் பார்த்தது எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துக் குழிகளில்தான். பிறகு உலகத்தில் பாதி ஏழை நாடுகளில் அந்தப் பம்பு நின்றது. நாங்கள் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வதே இல்லை. மைசூர்பாவுக்கு அடிக்கிற தம்பட்டத்தில் கால்வாசி இதற்கு அடித்திருக்கலாம்.

பரீட்சை பாஸாகி, சென்னையில் சில வருஷம் இருந்து, கடைசியில் பம்பாயில் கடல் ரிக் வைத்திருந்த ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் போய்ச் சேர்ந்தேன். நேர்முகத்தில் பெரியவர் ஒருவர், எண்ணெய்க் கிணறு பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். தண்ணீர்க் கிணறு தெரியும் என்றேன். சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

ஓஎன்ஜிசியின் சாகர் சாம்ராட் என்ற ஜாக்கப் ரிக் 1974-ல் பம்பாய்க்கு மேற்கே கடலுக்கடியில் எண்ணெய் கண்டது. அதிலிருந்துதான் இந்தியாவில் இந்தத் தொழிலே. ஜாக்கப் என்பது காலுள்ள மிதவை. மிதந்து போய் இடம் சேர்ந்ததும் மூன்று கால்களைக் கடல் தரைக்கு இறக்கி ஊன்றிக்கொண்டு, உடம்பை அலைக்கு மேலே தூக்கிக்கொள்ளும். எண்ணெய் நிறுவனம் ரிக்கைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்ற கம்பெனியிடம் ஆளோடு சேர்த்து ஒப்பந்தத்துக்கு எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் மூன்று வருஷ ஒப்பந்தம், காசு டாலரில், நாளுக்கு இவ்வளவு என்று. டே ரேட்.

உதிரி பாகங்கள் இருப்பு எடுப்பதற்காக ஒருமுறை என்னையும் அனுப்பினார்கள். ஜூகூவிலிருந்து ஹெலிகாப்டர். கடலில் விழுந்தால் எப்படி வெளியே வருவது என்று நீச்சல் குளத்தில் தலைகீழாக முக்கிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பொங்கலூர்க்காரனுக்குத் தண்ணீர் மேலிருந்து வந்தாலே அதிசயம். ரிக்கில் இறங்கி நின்றபோது கம்ப்ரசர் சத்தமும் ராடு மாட்டுகிற சத்தமும் பழகியவையாக இருந்தன. அளவுதான் மலைப்பு. இங்கே ராடின் பெயர் டிரில் பைப்பு, முப்பதடிக்கும் மேல் நீளம்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் என் பேச்சின் இழுப்பைக் கேட்டுவிட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எந்த ஊருங்க?" மல்லசமுத்திரத்துக்காரர். திருச்செங்கோட்டு வண்டியில் ராடு மாட்டும் பையனாக ஆரம்பித்து, குவைத் போய், இங்கே டிரில்லராக இருந்தார். இரண்டு பேரும் அரிசிம்பருப்புச் சாதத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் ஏங்கினோம். பிறகு இரண்டு தொழிலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"அங்க அடிக்குங்க, இங்க நாளுக்கு. அவ்வளவுதான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே சொன்னார். "அடிக்கு வாங்கறப்ப எங்களுக்கு அவசரம். ராத்திரிக்குள்ள ரெண்டு குழி போட்டாத்தான் டீசல் போக நிக்கும். தோட்டத்துக்காரரு சாவகாசமாக் கட்டல்ல உக்காந்திருப்பாரு. இங்க பாருங், நாங்க சாவகாசமா இருக்கறோம், எண்ணெய்க் கம்பெனி ஆளு தூங்காமச் சுத்திக்கிட்டிருக்கறாரு."

வருமானக் கணக்கு பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இதைப் பார்த்ததில்லை. காசுக்கு எதை அளவாக வைக்கிறோமோ அதைப் பொறுத்து அவசரம் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது. அமெரிக்கத் தரைக் கிணறுகளில் ஒரு காலத்தில் அடிக்கணக்கு ஒப்பந்தமும் சகஜமாக இருந்தது. கடலுக்கு அது சரிப்படவில்லை. புயல், கடல் தரை, காத்திருப்பு என்று டிரில்லர் கையில் இல்லாதவை அங்கே ஏராளம். நாள் கணக்கே நிலைத்தது. எண்ணெய் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் டே ரேட் உண்டு. பெரிய மாமா அங்கே இருந்திருந்தால் மறுபடி சண்டைக்குப் போயிருப்பார்.

ஆனால் நாள் என்பது ஒரே நாள் இல்லை. துளையிடுகிற நேரத்துக்கு ஒரு ரேட். எண்ணெய்க் கம்பெனியின் சாமானுக்காகக் காத்திருந்தால் கொஞ்சம் குறைவான ஸ்டாண்ட்பை ரேட். ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது வேறு ரேட். எங்கள் இயந்திரம் பழுதானால் மாதத்தில் இத்தனை மணி நேரம் வரை பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் விழும் நேரத்தில் மட்டும் எங்கள் ஆட்களின் சாவகாசம் போய்விடும். ஒவ்வொரு நாளும் இருபத்து நாலு மணி நேரமும் அரை மணி, கால் மணியாகப் பிரிக்கப்பட்டு ஒரு தினசரி அறிக்கையில் ஏறும். ரிக்கில் எங்கள் மேலாளரான டூல்புஷரும் எண்ணெய்க் கம்பெனியின் ஆளும் கையெழுத்துப் போடுவார்கள். மேனேஜர் நோட்டும் அமுச்சியின் சொம்பும் ஒரே தாளில்.

சண்டையெல்லாம் அந்தத் தாளில் இருக்கும் ஒரு வரிக்காகத்தான். பம்பின் சீல் போய் மூன்று மணி நேரம் நின்றது. ஆனால் அதே நேரத்தில் அவர்கள் தர வேண்டிய சேறு கலக்கும் ரசாயனமும் வந்து சேரவில்லை. நின்றது பழுதுக்காகவா, காத்திருப்புக்காகவா? ஒன்றுக்குப் பூஜ்யம், இன்னொன்றுக்கு ஸ்டாண்ட்பை. குறிப்பு எழுதின ராத்திரி ஷிப்ட் ஆள் எந்த வார்த்தையை முதலில் போட்டார் என்பதைப் பொறுத்து எங்கள் மாத வருமானம் அசையும். அந்த அறிக்கைகளைப் படிக்கத் தெரியாத கணக்கர் அங்கே காலம் தள்ள முடியாது. துளை போடுகிறவன் எழுத்தை நான் முதலில் படிக்கப் பழகியது திருச்செங்கோட்டு நோட்டுகளில். அது எனக்குக் கிடைத்த சொத்து.

பெரிய தலைவலி வேறொன்று. மொபிலைசேஷன். ரிக் சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ நிற்கும். அதை இழுத்து வர, ஆள் சேர்க்க, சோதனை முடிக்க என்று ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெருந்தொகை வரும். பேச்சுக்கு 30 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். ரிக் வந்து நின்ற மாதமே அதை முழுசாக வருமானத்தில் போட்ட கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். பிரித்துப் போட்டவற்றையும் பார்த்திருக்கிறேன். முழுசாகப் போட்டவர்களின் வாதம் எளிது. வந்தாச்சு, செலவழிச்சாச்சு, பில் கொடுத்தாச்சு, இன்னும் என்ன?

2014 மே மாதம் உலகத் தரம் ஐஎஃப்ஆர்எஸ் 15 வந்தது. அதன் இந்திய வடிவமான இண்ட் ஏஎஸ் 115, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அது கேட்கும் முக்கியக் கேள்வியே வாடிக்கையாளருக்கு நீ என்ன வாக்குக் கொடுத்தாய் என்பதுதான். ரிக்கை இழுத்து வருவதால் எண்ணெய்க் கம்பெனிக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. துளை போட ஆரம்பித்தால்தான் பயன். ஆகவே இழுத்து வந்தது தனிச் சேவை ஆகாது. அந்த 30 லட்சமும் துளை போடும் 1,095 நாளுக்கான காசின் ஒரு பகுதியே. நாளுக்குச் சுமார் 2,740 டாலராகப் பிரித்து எடு, அதுவரை பொறுப்பாகக் காட்டு என்றது. இழுத்து வந்த நேரடிச் செலவையும் அப்படியே சொத்தாக வைத்து நாளாக நாளாகக் கரைக்க வேண்டும். தாமதமாக வந்து சேர்ந்ததற்குப் பிடித்த அபராதம் செலவு இல்லை, விலையிலேயே குறைவு. வாடிக்கையாளர் இன்னொரு வருஷம் நீட்டிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், அந்த உரிமையில் பெரிய சலுகை எதுவும் இல்லையென்றால் கணக்கு உறுதியான மூன்று வருஷத்துக்குத்தான்.

இதையெல்லாம் ஐந்து படிகளாகப் படம் போட்டு நட்சத்திர ஓட்டல்களில் கருத்தரங்கு நடத்தினார்கள். எனக்கு என்னவோ அதில் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. குழிக்குக் காசு, கேசிங்குக்குத் தனிக் காசு, வண்டி வந்து நின்றதற்குக் காசு இல்லை. இது திருச்செங்கோட்டில் எழுதாத சட்டம். காசு வசூலாகும் வாய்ப்பு இருந்தால்தான் அதை ஒப்பந்தமாகவே கருத வேண்டும் என்பதும் தரத்தில் முதல் படியிலேயே இருக்கிறது. கட்டுத்தறியைப் பார்த்த அந்த மேனேஜருக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோட்டு எழுதியவர் தன் கூட்டாளிகளுக்கு மட்டும் பதில் சொன்னார். டே ரேட் கம்பெனியின் பங்கை முகம் தெரியாதவர்கள் வாங்குகிறார்கள். முதல் மாதத்தில் 30 லட்சம் ஏறிய லாபத்தைப் பார்த்து ஒருவர் பங்கு வாங்கினால், அடுத்த மாதம் அவருக்கு யார் பதில் சொல்வது? ஆகவே அந்தத் தடிப்புத்தகம் வேண்டியதுதான்.

தரம் வந்த காலமும் பொல்லாத காலம். 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே போனது. உலகம் முழுக்க எண்ணெய் நிறுவனங்கள் ரேட்டைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதின. வேலையில்லாத ரிக்குகளைத் துறைமுகத்துக்கு வெளியே கட்டிப் போட்டார்கள். அதற்கு முன்பே ஒரு அதிர்ச்சி உண்டு. சென்னைக் கம்பெனியான அபான் ஆஃப்ஷோரின் அபான் பேர்ல் ரிக், 2010 மே மாதம் வெனிசுவேலாக் கடலில் மூழ்கியது. அதில் இருந்த 95 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். அன்று எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. கணக்கர்களின் கேடுகெட்ட புத்தி, மதியத்துக்கு மேல் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "டே ரேட் எத்தனை மணியோடு நிற்கும்?" யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லார் மனசிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை வைத்திருக்கும் மில்காரர்கள் சிலர் ஒப்பந்தங்களைக் காட்ட வருவார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொண்ணூறுகளில் கேத்தனூரையும் பூளவாடியையும் மாற்றிய கதை தனி. தேய்மானச் சலுகைக்காக நட்டவர்களும் உண்டு, கரண்டுக்காக நட்டவர்களும் உண்டு. பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருஷத்தில் இத்தனை சதவீத நேரம் இயந்திரம் ஓடும் நிலையில் இருக்கும் என்று உத்தரவாதம் இருக்கும். ஆடி மாசத்தில் ஒரு நாள் நின்றால் மார்கழியில் ஒரு மாதம் நின்ற நஷ்டம். ஆனால் சதவீதத்தில் இரண்டும் வேறு வேறு மாதிரித் தெரியும். இதை முதலில் பேசிக்கொள்ளாமல் பின்னால் மோதிக்கொள்வார்கள். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை, குஜராத், தமிழ்நாட்டுக் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்காக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. காற்றாலையும் கடலுக்குப் போனால் அதற்கும் ஜாக்கப் கப்பல் வர வேண்டும், டே ரேட் வர வேண்டும். அடுத்த தலைமுறைக் கணக்கர்களுக்கு வேலை இருக்கிறது.

தை மாசம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். என் மச்சினன் முறையாகும் ஒருவர், மூன்று நாலு வண்டி வைத்திருப்பவர், பந்தியில் என்னைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவர் வண்டிகள் கிழக்கு ஆப்பிரிக்காவில். கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். கிராமங்களுக்கு நூறு குழி போடும் ஒப்பந்தம். முன்பணம் கைக்கு வந்திருக்கிறது. அவர் மகள் சிஏ கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்கும் மகளுக்கும் வழக்கு.

"மாமா, நீங்களே சொல்லுங்க. கப்பல் வாடகைக்கு வந்த காச இந்த வருச வருமானத்துல போடோணுங்கறாரு. நூறு குழிக்கும் பிரிக்கோணும்னு சொல்றேன். கேக்கவே மாட்டீங்கறாரு."

"அது பரவால்லீங்க மச்சான், பிரிச்சுக்கட்டும்" என்றார் அவர். "இன்னொண்ணு சொல்றா பாருங்க. பன்னெண்டு குழி போட்டு முடிச்சாச்சு. அதையும் போடக்கூடாதாம்."

ஒப்பந்தத்தைச் செல்போனில் காட்டினாள். நான் இலையிலேயே கையை வைத்துக்கொண்டு படித்தேன். அடிக்கு இல்லை, நாளுக்கும் இல்லை. தண்ணீருக்கு. பம்பு வைத்துச் சோதித்து, குறித்த அளவு ஊறினால்தான் அந்தக் குழிக்குக் காசு. காய்ந்த குழி ரிக்காரர் கணக்கில். அந்தப் பக்கத்து நாடுகளில் இப்படி எழுதும் வழக்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், கையெழுத்துப் போட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரிய மாமா கேட்ட நியாயத்தை யாரோ ஒப்பந்தமாகவே எழுதிவிட்டார்கள்.

"சோதனை முடிஞ்சது எத்தனை?" என்று கேட்டேன்.

"ஏழு" என்றாள் அவள்.

"அப்ப ஏழுதான்."

"அட, மிச்சம் அஞ்சுலயும் ஈரம் வந்திருக்குதுங்க! மேனேஜர் வீடியோ அனுப்பியிருக்கறான்" என்றார் அவர்.

அனுபவத்தை வைத்து மதிப்பிட்டு எடுக்கத் தரத்தில் இடம் உண்டு, பின்னால் திருப்பி எழுத வேண்டி வராது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடிந்தால். கொங்கு நாட்டுப் பாறையில் அவர் சொன்னால் நானே நம்புவேன். அந்த மண்ணில் அவர் வண்டி நின்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. இதைச் சொன்னதும் மகள் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. ரேட்டு பேசும்போது பத்துக்கு மூணு புகை போகும் என்று வைத்துத்தான் சொன்னாராம்.

"அந்த மூணு எங்கிருந்துங்கப்பா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஒரு கணக்குத்தான்" என்றார் அவர். அப்புறம், யாரிடமாவது கேட்டுப் பார்ப்போம் என்பதுபோல எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவள் எனக்கு இன்னொரு ஒப்புட்டை வைக்கச் சொல்லிப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக்கொண்டே, குழிவாரியாக ஒரு அட்டவணை போட ஆரம்பித்திருந்தாள். முதல் கட்டம் ஊர்ப் பெயர், இரண்டாவது ஆழம், மூன்றாவது தண்ணியா புகையா.